எல்லா ரயிலும் நிற்காது: தருக்க வடிவம் என்றால் என்ன?

போன மாம்பழ சீசனில் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தார். கோட்டையில் இறங்கி, கரையோரப் பாதையில் போகும் ரயிலில் ஏறி வெள்ளவத்தைக்கு வரலாமா என்று முதல்நாளே கேட்டிருந்தார். வேலை மும்முரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டேன்: "மாமா, எல்லா ரயிலும் வெள்ளவத்தையில நிக்காது." மறுநாள் பின்னேரம் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையுமாக, வியர்த்து வழிந்தபடி வாசலில் நின்றார். கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். "ரயில்ல வந்திருக்கலாமே மாமா" என்றேன்.

"நீதானே பிள்ளை சொன்னனீ, எல்லா ரெயினும் நிக்காதெண்டு!"

பையின் அடியில் கிடந்த நாலு பழம் கூழாகிவிட்டது.

நான் சொல்ல நினைத்தது, சில ரயில்கள் வெள்ளவத்தையில் நிற்காமல் போய்விடும், பார்த்து ஏறுங்கள் என்பது. மாமா புரிந்துகொண்டது, வெள்ளவத்தையில் ஒரு ரயிலும் நிற்காது என்பது. இரண்டு பேரும் பிழைவிடவில்லை. அந்தத் தமிழ் வரி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் 'எல்லா'வில் ஒரு அழுத்தம் விழுந்திருக்கும், மாமா பிடித்திருப்பார். எழுத்தில் குரல் இல்லை.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சொற்கள் எல்லாம் தெளிவானவை. 'எல்லா', 'ரயில்', 'நிற்காது' ஆகிய எந்தச் சொல்லுக்கும் இங்கே இரண்டு பொருள் இல்லை. சொற்களின் வரிசையும் ஒன்றே. பிறகு எப்படி இரண்டு பொருள்? மறுப்பு எதை ஆளுகிறது என்பதில்தான் விஷயம். 'எந்த ரயிலை எடுத்தாலும் அது நிற்காது' என்று பிரித்தால் 'எல்லா' வெளியே நிற்கிறது, மறுப்பு உள்ளே. 'எல்லா ரயிலும் நிற்கும் என்பது இல்லை' என்று பிரித்தால் மறுப்பு வெளியே, 'எல்லா' உள்ளே. மேலே தெரிகிற வாக்கியம் ஒன்று, அதன் அடியில் இருக்கும் கட்டமைப்பு இரண்டு. அந்த அடிக்கட்டமைப்பைத்தான் மெய்யியலாளர்கள் தருக்க வடிவம் என்கிறார்கள்.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் காணாமல் விடவில்லை. தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு, அதாவது 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு, எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் ஒன்று முற்று, அதாவது மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் சுட்டுவது. இன்னொன்று எச்சம், அதாவது மிச்சம் ஒன்று இருப்பதைச் சுட்டுவது. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று அங்கேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. நன்னூல் அதையே இன்னும் சுருக்கிச் சொல்லும்: "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்." பழைய உரைகளில் வரும் உதாரணம் 'பத்துங் கொடால்'. பத்தையும் கொடுத்துவிடாதே, கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்றும் அதற்குப் பொருள் வரும். என் வாட்ஸ்அப் வரியும் அதே ரகம். 'எல்லாரும் வரவில்லை' என்று சொல்லிப் பாருங்கள், இதே இரண்டு பொருளும் எட்டிப் பார்க்கும். 'எந்த ரயிலும் நிற்காது' என்று எழுதியிருந்தால் ஒரே பொருள்தான்: ஒன்றும் நிற்காது. 'எல்லா ரயிலும் என்றில்லை' என்று எழுதியிருந்தாலும் ஒரே பொருள்தான். இரண்டுக்கும் நடுவில் கிடந்த வரியை எடுத்து அனுப்பினேன்.

சரி, இதற்கும் தருக்கத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு கூற்றிலிருந்து என்ன பெறப்படும், என்ன பெறப்படாது என்பதுதான் தருக்கத்தின் கவலை. மாமா எடுத்துக்கொண்ட வடிவத்திலிருந்து 'ஆகவே பஸ்ஸில் போவோம்' என்ற முடிவு சரியாகவே வருகிறது. என் வடிவத்திலிருந்து அது வராது. எது எதிலிருந்து வரும் என்பதைச் சொற்களின் பொருள் மட்டும் தீர்ப்பதில்லை. வடிவமும் சேர்ந்துதான் தீர்க்கிறது.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். எடுகூற்று (வாதம் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்தக் கூற்று), முடிவு, நியாயத்தொடை (இரண்டு எடுகூற்றிலிருந்து ஒரு முடிவு) என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். அந்தப் பாடத்தின் வேர் கிமு 4ஆம் நூற்றாண்டில், அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. அவர் செய்த பெரிய காரியம், சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்துகளை வைத்தது. எல்லா க-வும் ச, எல்லா ச-வும் ப, ஆகவே எல்லா க-வும் ப. க என்பது காகமோ கத்தரிக்காயோ, கவலை இல்லை. எடுகூற்றுகள் உண்மையானால் முடிவு பொய்யாக வழியே கிடையாது.

வடிவம் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பில் மழை விட்ட பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். 'டெங்கு என்றால் காய்ச்சல் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல். ஆகவே டெங்கு.' பயத்தில் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் இதே வடிவத்தில் வேறு சொற்களைப் போட்டுப் பாருங்கள்: மழை பெய்தால் ரோடு நனையும், ரோடு நனைந்திருக்கிறது, ஆகவே மழை. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் ரோடு நனையும். வாதம் வாய்ப்பற்றது, அதாவது எடுகூற்றுகள் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகலாம். பிள்ளைக்கு உண்மையிலேயே டெங்குவாக இருந்தாலும் அந்த வாதம் வாய்ப்பற்றதுதான். டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது, இந்த வடிவத்தை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதால்தான்.

தமிழில் தருக்கத்தைப் பாட்டாகவே எழுதி வைத்த நூல் மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அனுமானம் கற்பிக்கிறார். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (உதாரணத்தை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்புகள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. அதோடு, எப்படியெல்லாம் வாதம் கெட்டுப்போகும் என்று போலிகளின் நீண்ட பட்டியலும் அதே காதையில் வருகிறது. புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம், காய்ச்சலிலிருந்து டெங்குவுக்குப் போக முடியாது என்ற வேறுபாடு அங்கே தெளிவாகப் பிடிபடுகிறது. ஆனால் அரிஸ்டாட்டிலின் வெறும் எழுத்துகள் அங்கே இல்லை. அடுக்களை என்ற உதாரணம் வாதத்தின் ஒரு உறுப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. இந்திய மரபு வடிவத்தைப் பொருளிலிருந்து முழுதாகக் கழற்றி எடுக்க விரும்பவில்லை என்று நான் படிக்கிறேன். குறையாகவும் சொல்லலாம், நிதானமாகவும் சொல்லலாம்.

அரிஸ்டாட்டிலின் தருக்கம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. அவருக்குப் பிறகு தருக்கம் ஒரு அடி கூட முன்னே வைக்கவில்லை என்று 1787இல் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் எழுதினார், அதுவும் பாராட்டாக. ஆனால் ஒரு கொத்துரொட்டிக் கடை போதும் அதைத் தடுமாற வைக்க. கொத்துரொட்டி எல்லாம் ரொட்டி. ஆகவே கொத்துரொட்டி விற்பவர்கள் எல்லாரும் ரொட்டி விற்பவர்கள். இது சரியான வாதம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 'எல்லா க-வும் ச' என்ற அச்சில் இதை வார்க்க முடியாது. 'ரொட்டி விற்பவர்' என்பது அந்த அச்சில் ஒரே கட்டி. அதற்குள் 'ரொட்டி' தனியாகவும் 'விற்பது' என்ற உறவு தனியாகவும் இருப்பது தெரியாது.

இதை உடைத்தவர் ஜெர்மனியின் கணிதவியலாளர் கொட்லொப் ஃப்ரேகெ. 1879இல் அவர் வெளியிட்ட சிறு நூல் வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று வெட்டுவதை நிறுத்தியது. பதிலாக, வெற்றிடம் உள்ள சட்டகமாகப் பார்த்தது. 'விற்பது' என்பது இரண்டு வெற்றிடம் உள்ள சட்டகம்: யார், எதை. அந்த வெற்றிடங்களை 'எல்லா', 'ஏதோ ஒன்று' என்ற அளவுகள் வரிசைப்படி நிரப்பும். அந்த வரிசை மாறினால் பொருள் மாறும். வெள்ளவத்தைப் பெற்றோர் வாயில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: 'இந்த லேன் பிள்ளைகள் எல்லாரும் ஒரு ரீச்சரிட்ட ரியூசன் போகினம்.' லேனில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே ரீச்சரா, ஒவ்வொருவருக்கும் யாரோ ஒரு ரீச்சரா? முதலாவதில் 'ஒரு ரீச்சர்' வெளியே நின்று 'எல்லாப் பிள்ளைகளையும்' ஆளுகிறது. இரண்டாவதில் பிள்ளைகள் வெளியே, ரீச்சர் உள்ளே. முதலாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மை. மறுபக்கமாகப் போக முடியாது. ஃப்ரேகெக்கு முன்னால் இந்த வேறுபாட்டைச் சுத்தமாக எழுதிக்காட்ட ஒரு முறை இருக்கவில்லை.

இங்கே தமிழின் ஒரு அழகைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்' என்பதில் உம் இரண்டைச் சேர்க்கிறது. 'எல்லாரும் வந்தார்கள்', 'யாரும் வரவில்லை' என்பதிலும் அதே உம். வீட்டுக்கு அழைத்தது கமலா, விமலா, நிர்மலா என்று மூன்றே பேர் என்றால், 'எல்லாரும் வந்தார்கள்' என்பதும் 'கமலாவும் விமலாவும் நிர்மலாவும் வந்தார்கள்' என்பதும் ஒன்றுதான். 'எல்லா' என்பது நீளமான ஒரு 'உம்' என்று தருக்கவியலாளர் புத்தகத்தில் எழுதுவதைத் தமிழ் விகுதியிலேயே வைத்திருக்கிறது. அதேபோல் 'கமலாவோ விமலாவோ வந்தார்', 'யாரோ வந்தார்'. இரண்டிலும் ஓ. 'யாரோ' என்பது நீளமான ஒரு 'அல்லது'.

பக்கத்து வீட்டில் சிங்களத்தில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் அங்கேயும் இதே விளையாட்டு. 'அம்மத் தாத்தத்' என்றால் அம்மாவும் அப்பாவும். 'கவுருத்' என்றால் யாரும். இரண்டிலும் அந்த 'த்'. 'அம்மா ஹரி தாத்தா ஹரி' என்றால் அம்மாவாவது அப்பாவாவது, 'கவுரு ஹரி' என்றால் யாராவது. இரண்டு மொழியும் வேறு வேறு குடும்பம், ஆனால் சேர்ப்பதற்கும் எல்லாவற்றையும் சொல்வதற்கும் ஒரே கருவி. ஆங்கிலத்தில் இந்த உறவு சொல்லின் முகத்தில் தெரியாது. ஒரு மொழி மறைப்பதை இன்னொரு மொழி வெளியே காட்டும்.

அதற்காகத் தருக்கக் குறியீடு எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நம்மிடம் 'யாரோ' இருக்கிறது, 'யாராவது' இருக்கிறது. 'யாரோ கதவைத் தட்டுகினம்' என்றால் ஒருவர் உண்மையில் நிற்கிறார், யாரென்று தெரியாது. 'யாராவது கதவைத் திறவுங்கோ' என்றால் எவரானாலும் சரி. ஃப்ரேகெ வழி வந்த குறியீட்டில் இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான்.

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விஷயம் மொழியியலாளர் கைக்கும் போனது. அதுவரை தருக்க வடிவம் என்பது மெய்யியலாளர் வாக்கியத்துக்குப் போட்டுவிடும் சுத்தமான சட்டை. அமெரிக்க மொழியியலாளர் நோம் சொம்ஸ்கியைச் சுற்றி இருந்தவர்கள், அது பேசுபவரின் மனத்துக்குள்ளேயே இருக்கும் இலக்கணத்தின் ஒரு தளம் என்று வாதிட்டார்கள். 1977இல் ரொபர்ட் மே தன் ஆய்வேட்டில், 'எல்லா', 'ஒரு' போன்ற சொற்றொடர்கள் காதுக்குக் கேட்காமல் வாக்கியத்தின் தலைப்பக்கம் நகர்கின்றன என்று காட்டினார். ரியூசன் வாக்கியத்தில் 'ஒரு ரீச்சர்' முதலில் நகர்ந்தால் ஒரு பொருள், 'எல்லாப் பிள்ளைகளும்' முதலில் நகர்ந்தால் மற்றது. கேட்காத ஒரு நகர்வை நம்புவதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

மெய்யியலாளர் டொனால்ட் டேவிட்சன் 1967இல் தொட்டது வேறொரு முடிச்சு. 'அவர் காலையில் கோட்டை ஸ்டேஷனில் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார்.' இதிலிருந்து 'அவர் தேத்தண்ணி குடித்தார்' என்பது பெறப்படும். 'காலையில் குடித்தார்' என்பதும் பெறப்படும். ஏன்? இந்த வாக்கியத்துக்குள் ஒரு நிகழ்ச்சி ஒளிந்திருக்கிறது என்றார் டேவிட்சன். ஒரு நிகழ்ச்சி நடந்தது, அது குடித்தல், அது காலையில், அது கோட்டையில், அது ஆறுதலாக. எல்லாம் 'உம்' போட்டுக் கோத்த பட்டியல், அதில் எதை உருவினாலும் மிச்சம் உண்மையாகவே நிற்கும். தேத்தண்ணிக்கு நடுவில் இப்படி ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தது!

ஆனால் பெறப்படுவதெல்லாம் வடிவத்தால் பெறப்படுவதில்லை. 'இவர் என் தாய்மாமன், ஆகவே இவருக்கு ஒரு சகோதரி உண்டு.' தவறே இல்லாத வாதம். ஆனால் தாய்மாமன் இருந்த இடத்தில் வெறும் 'க' போட்டால் உடைந்துவிடும். வேலை செய்வது சொல்லின் பொருள். அப்படியென்றால் எந்தச் சொல் வடிவத்தைச் சேர்ந்தது, எது நிரப்பும் பொருளைச் சேர்ந்தது? 'எல்லா', 'இல்லை', 'உம்' ஒரு பக்கம், 'ரயில்', 'தாய்மாமன்' மறுபக்கம் என்று கோடு கிழிக்கத் தோன்றும். அந்தக் கோட்டைக் கூர்மையாகக் கிழிக்க முடியுமா என்பதில் தனக்கே சந்தேகம் என்று தருக்கவியலாளர் அல்பிரட் டார்ஸ்கி 1936இல் எழுதினார். அந்தச் சச்சரவு இன்னும் முடியவில்லை.

ஆண்டு வரிசையைக் குழப்பி ரசலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கில மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் 1905இல் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தின் 'தி' (the) என்ற சின்னஞ்சிறு சுட்டை. பிரான்சின் இன்றைய மன்னருக்கு வழுக்கை என்பது அவருடைய பேர்போன உதாரணம். பிரான்சுக்கு அப்போது மன்னர் கிடையாது. நமக்கு அருகில் உள்ளதாக ஒன்று வைத்துக்கொள்வோம்: 'இலங்கையின் இன்றைய அரசி கொழும்பில் இருக்கிறார்.' 1972 மே 22 குடியரசாகும் வரை அந்தத் தொடருக்கு ஒரு ஆள் இருந்தார், இரண்டாம் எலிசபெத். இப்போது யாரும் இல்லை. அப்படியென்றால் அந்த வாக்கியம் யாரைப் பற்றியது? யாரைப் பற்றியதும் இல்லை என்றார் ரசல். பெயர்போலத் தோன்றினாலும் அது பெயர் இல்லை. பிரித்துப் பார்த்தால் மூன்று கூற்று: அரசி ஒருவர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவர் கொழும்பில் இருக்கிறார். முதலாவது பொய், ஆகவே மொத்தமும் பொய். 1950இல் இன்னொரு ஆங்கில மெய்யியலாளர் ஸ்ட்ரோசன் இதை மறுத்தார். அப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அங்கே உண்மை பொய் என்ற கேள்வியே எழாது என்பது அவர் கட்சி. என் காதுக்கு ஸ்ட்ரோசன் சொல்வதுதான் இயல்பாகப் படுகிறது. ஆனால் வாக்கியத்தின் தோற்றமும் அதன் தருக்க வடிவமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று காட்டியதே ரசலின் சாதனை என்று ரசலின் மாணவர் விட்கென்ஸ்டைன் 1921இல் எழுதினார். அந்தப் பாராட்டில் குறையில்லை.

இப்போது இலங்கை அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையைத் திறந்து, ஆங்கிலப் பிரதியைப் பாருங்கள். முதல் பந்தி, சிங்களம் இலங்கையின் அரசகரும மொழி என்கிறது. அங்கே நிற்கும் சுட்டு 'தி'. இரண்டாம் பந்தி, 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு வந்தது, தமிழும் ஒரு அரசகரும மொழி என்கிறது. அங்கே நிற்பது 'ஆன்' (an), பலவற்றில் ஒன்று என்பதற்கு இடம் விடும் சொல். ரசலின் கத்தியை முதல் பந்தியில் வைத்தால் மூன்று துண்டு: அரசகரும மொழி ஒன்று இருக்கிறது, ஒன்றுக்கு மேல் இல்லை, அது சிங்களம். அடுத்த பந்தி, இன்னொன்றும் இருக்கிறது என்கிறது. கறாரான தருக்க வடிவத்தில் இரண்டும் மோதும். நடைமுறையில் யாரும் அப்படி வாசிப்பதில்லை. சட்டத்தரணிகள் இரண்டையும் சேர்த்தே வாசிப்பார்கள், பிந்தியது முந்தியதை விரிக்கிறது என்று. ஆனால் அந்தச் சுட்டு எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் நிற்கும். அதில் சிங்களம் இலங்கையின் 'அந்த ஒரே' அரசகரும மொழி என்று 'ஒன்று' என்ற சொல்லே வெளிப்படையாக இருந்தது. பிறகு 'ஒன்று' போய்விட்டது, சுட்டு தங்கிவிட்டது.

தமிழில் சுட்டு இல்லை என்பதால் தப்பினோம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. 'சிங்களம் இலங்கையின் அரசகரும மொழி' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'இலங்கையின் அரசகரும மொழி சிங்களம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதுக்குப் பின்னால் இன்னொரு மொழி வந்து உட்கார இடம் இருக்கிறது. இரண்டாவது கதவைச் சாத்திவிடுகிறது. ஆங்கிலம் சுட்டில் வைத்ததைத் தமிழ் வரிசையில் வைக்கிறது. அப்புறம், 'தமிழும்' என்பதில் உள்ள உம். இலக்கணத்தில் அதற்கு இறந்தது தழீஇய எச்சவும்மை என்று பெயர், முன்னே போன ஒன்றைத் தழுவி நிற்பது. அந்த உம் இரண்டாவதாக வந்ததை மறைக்காது. 19ஆம் உறுப்புரை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும். இரண்டு உம், இரண்டும் சமம்.

மொழிபெயர்ப்பு வேலையில் இந்த வகை வரிகள் வரும்போது பேனா கொஞ்சம் நிற்கும். 'எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படமாட்டாது' என்று எழுதிவிட்டு, வெள்ளவத்தை ரயிலை நினைத்து அடித்துவிட்டு, 'விண்ணப்பங்கள் அனைத்தும் ஏற்கப்படும் என்றில்லை' என்று மாற்றுவேன். சுற்றறிக்கை என்றால் அவ்வளவோடு போய்விடும். சட்டம் என்றால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பிரிவு ஒரே வாசகம்தான்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே தமிழ்ப் பிரதியில் ஒரு வரி இரண்டு வடிவத்துக்கு இடம் கொடுத்து நின்றால், அதில் எது சட்டம் என்று பார்க்க நன்னூலைத் திறந்து பயனில்லை. எதிர்ப்பக்கத்துச் சிங்கள வரியைத்தான் பார்க்க வேண்டும்.